புதுவை இணைந்த வரலாறு

1947ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் சென்னை வண்ணாரப்பேட்டையில் வாழ்ந்தோர் விடுதலை பெற்ற நாட்டின் மக்களாயினர். அங்கிருந்து கடற்கரையோரமாகத் தெற்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது புதுச்சேரி. மொழியும் உறவும் ஒன்றே, ஆட்சியோ பிரெஞ்சுக்காரருடையது.

பிரெஞ்சுப் பகுதிகளின் வருங்காலத்தை அங்குள்ள மக்களே முடிவு செய்தல் வேண்டும் என 1948இல் இரு அரசுகளும் உடன்பட்டன. எனினும் பேச்சு நீண்டுகொண்டே சென்றது. இறுதியில், 1954 அக்டோபர் 18 அன்று கீழூர் என்னும் சிற்றூரில் மக்கட் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். 170 பேர் இந்திய ஒன்றியத்தோடு இணைய வாக்களித்தனர், எண்மர் மறுத்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைம்மாறிற்று.

சட்டப்படியான இணைப்போ எளிதில் முடியவில்லை. 1956 மே 28 அன்று ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மக்கட் பிரதிநிதிகள் வேறு முடிவு செய்யும்வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாகத் தொடரும் என்றது அது. பிரெஞ்சுக் குடியுரிமையை விடவொண்ணாதார், ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த ஆறு திங்களுக்குள் அறிவித்து, அதனை வைத்துக்கொள்ளவும் இடந்தந்தது. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு நாட்டினனாகவும் தம்பி மற்றொரு நாட்டினனாகவும் வாழக்கூடிய நிலை! அல்சீரியப் போரில் சிக்குண்டிருந்த பிரான்சு, ஒப்புதல் தராது காலம் தாழ்த்திற்று. 1962 ஆகஸ்டு 16 அன்றுதான், வண்ணாரப்பேட்டைக்குப் பதினைந்து ஆண்டும் ஒரு நாளும் பிந்தி, புதுவை சட்டப்படி இந்திய மண்ணாயிற்று.