பியானோ வகுப்பு வாசலில் கழற்றிவைக்க வேண்டிய நம்பிக்கைகள்

மூன்று வருடத்துக்கு முன், ஜூன் மாதத்தில் ஒரே நாளில் எனக்கு இரண்டு அழைப்புகள் வந்தன. காலையில் பேசியவர் ஒரு தாய். "மிஸ், பையனுக்கு நாலு வயசு முடியப்போகுது. லேட் பண்ணிட்டோமோன்னு பயமா இருக்கு" என்றார். மாலையில் பேசியவர் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். "மேடம், எனக்கு 61 ஆகுது. இனிமே விரல் வளையுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். இருவரும் கேட்டது ஒரே கேள்வி. இருவருக்கும் நான் சொன்ன பதிலும் ஒன்றுதான்: தாமதம் எதுவும் ஆகவில்லை, வாருங்கள்.

சென்னையில் என் வீட்டு முன்னறையில் 22 வருடமாகத் தனி வகுப்பு எடுக்கிறேன். பள்ளிப் பிள்ளைகள், கல்லூரி மாணவர்கள், ஐடி வேலை பார்ப்பவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள் என்று எல்லா வயதினரும் வருகிறார்கள். இத்தனை பேரிடமும் பியானோவைப் பற்றி ஏதாவது ஒரு தவறான நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கைகள் பலரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகின்றன. உள்ளே வந்த பிள்ளைகள் சிலரை இரண்டே வருடத்தில் வெளியே தள்ளிவிடுகின்றன. அந்த இழப்பைப் பார்த்துப் பார்த்து வந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

"சின்ன வயசில் ஆரம்பிக்காவிட்டால் வராது"

இதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. எந்த ஸ்வரம் ஒலித்தாலும் கருவியைப் பார்க்காமலே அதன் பெயரைச் சொல்லிவிடும் திறன் சிலருக்கு உண்டு. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே இசை பயின்றவர்களிடம்தான் அது காணப்படுகிறது. ஆனால் பியானோ வாசிக்க அந்தத் திறன் தேவையே இல்லை. வயலின் கற்பவர் சுருதி சுத்தமான இடத்தைத் தன் விரலால் தேடிப் பிடிக்க வேண்டும். அதற்கே சில வருடங்கள் ஆகும். பியானோவில் ஸ்வரம் கட்டைக்குள் தயாராகக் காத்திருக்கிறது. முதல் நாள் வந்தவர் நடு 'ஸி'யை அழுத்தினாலும் அது சுத்தமான 'ஸி'தான். வயது கடந்து தொடங்குபவரிடம் இவ்வளவு பரிவு காட்டும் கருவிகள் குறைவு.

அந்த வங்கி மேலாளரின் முதல் வகுப்பு நன்றாக நினைவிருக்கிறது. மோதிர விரலைத் தூக்கச் சொன்னால் சுண்டுவிரலும் கூடவே எழுந்தது. "பாத்தீங்களா மேடம், வயசு" என்றார். என் கையை நீட்டிக் காட்டினேன். எனக்கும் அப்படித்தான். மோதிர விரலின் தசைநாண் பக்கத்து விரல்களோடு பிணைந்திருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கும் அந்தச் சிக்கல் உண்டு. பிறகு வெள்ளைக் கட்டைகளில் ஸி முதல் அடுத்த ஸி வரை வாசித்துக் காட்டினேன். "இது சங்கராபரணம் ஆச்சே!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். மேஜர் ஸ்கேலுக்கும் சங்கராபரணத்துக்கும் ஸ்வரஸ்தானங்கள் ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டு, எங்கே முழு இடைவெளி, எங்கே அரை இடைவெளி, கருப்புக் கட்டை ஏன் வேண்டியிருக்கிறது என்பதையெல்லாம் பத்து நிமிடத்தில் புரிந்துகொண்டார். அதே பாடத்துக்குக் குழந்தைகளோடு நான் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன்.

பதினான்கு மாதத்தில் அவர் ஜி மேஜர் மினுவெட்டை முழுதாக வாசித்தார். பியானோ கற்கும் எல்லோரும் கடந்து போகும் சிறு துண்டு அது. பாக் எழுதியதாகவே பல பாடப்புத்தகங்கள் அச்சிட்டு வந்தன. பாக் தன் மனைவி அன்னா மக்தலேனாவுக்காக 1725-இல் தொடங்கிய இசை நோட்டில் அது இருப்பதால் வந்த குழப்பம். எழுதியவர் கிறிஸ்டியன் பெட்ஸோல்ட் என்பது 1970-களில்தான் தெளிவானது.

பெரியவர்களுக்கு உண்மையிலேயே கஷ்டம் தருவது வேறொன்று. ஐம்பது வருடம் நல்ல சங்கீதம் கேட்டுப் பழகிய காது அவர்களுடையது. தன் கை தடுமாறுவதை அந்தக் காதால் பொறுக்க முடியாது. குழந்தை பத்து முறை தவறாக வாசித்துவிட்டு அடுத்த நிமிடம் விளையாடப் போய்விடும். பெரியவர் ஒரு முறை தவறினாலே முகம் சுருங்கிவிடுகிறது. வகுப்பை விட்டு நின்ற பெரியவர்களில் பெரும்பாலோர் இந்தக் கூச்சத்தால்தான் நின்றார்கள், விரலால் அல்ல. ஆகவே தனியாக ஒருவர் முன் மட்டும் வாசிக்கும் வகுப்பு அவர்களுக்கு மிகவும் பொருத்தமானது.

நாலு வயதுப் பையனின் கதைக்கு வருகிறேன். அந்த வயதிலும் கற்கலாம், ஆனால் அது வேறு வகையான வகுப்பு. கைதட்டித் தாளம் போடுவது, பாடுவது, இரண்டு கருப்புக் கட்டை சேர்ந்த இடம் எது, மூன்று சேர்ந்த இடம் எது என்று கண்டுபிடிப்பது. ஸ்டாஃப் நொட்டேஷன் படிப்பதற்கு ஆறு, ஏழு வயது வரை காத்திருந்தால் ஒன்றும் குடி முழுகிப் போகாது. பள்ளியில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய பிள்ளை, நான்கில் தொடங்கிய பிள்ளையைச் சில மாதங்களில் எட்டிப் பிடிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

"விரல் நீளமாக இருக்க வேண்டும்"

ஓர் எட்டு ஸ்வர இடைவெளியின் அகலம் சுமார் 16.5 சென்டிமீட்டர். அதை எட்ட முடியாத கைகளுக்கும் வாசிக்க ஆயிரக்கணக்கான துண்டுகள் இருக்கின்றன. ஸ்பெயினின் அலிசியா டி லரோச்சா ஐந்தடிக்கும் குறைவான உயரம், சிறிய கை. இருபதாம் நூற்றாண்டின் பெரிய பியானோ கலைஞர்களில் ஒருவர் அவர். ஜோசப் ஹாஃப்மனின் கை சிறியது என்பதால் ஸ்டைன்வே நிறுவனம் அவருக்காகக் குறுகிய கட்டைகள் வைத்த பியானோவையே செய்து கொடுத்தது. முதல் உலகப் போரில் வலது கையை இழந்த பால் விட்கென்ஸ்டைன் இடது கையால் மட்டும் மேடையேறினார். அவருக்காக ரவேல் எழுதிய கான்செர்ட்டோவை இன்று இரண்டு கையுள்ளவர்களும் இடது கையால் வாசிக்கிறார்கள்.

விரல்கள் ஒரே நீளமாக இல்லையே என்று கவலைப்படுபவர்களுக்கு இசையமைப்பாளர் ஷோபான் நல்ல பதில் வைத்திருந்தார். பாரிஸில் அவருடைய வருமானத்தில் பெரும்பகுதி தனி வகுப்புகளிலிருந்து வந்தது. ஒரு வகுப்புக்கு 20 பிராங்க் வாங்கினார். மாணவர்களுக்கு அவர் முதலில் கொடுத்தது, வெள்ளைக் கட்டைகளில் மட்டும் ஓடும் ஸி மேஜர் ஸ்கேல் அல்ல. ஐந்து கருப்புக் கட்டைகளும் வரும் பி மேஜர். காகிதத்தில் பார்த்தால் அது கடினமானது. கையில் வைத்துப் பார்த்தால், நீளமான நடுவிரல்கள் கருப்புக் கட்டைகளின் மேலும் கட்டை விரல் வெள்ளைக் கட்டையிலும் இயல்பாக அமர்கின்றன. இருக்கும் கைக்கு ஏற்பப் பாடத்தை அமைத்தார் அவர். தனி வகுப்பு என்பதற்கு எனக்குத் தெரிந்த சரியான விளக்கம் இதுதான்.

வலித்தால்தான் கை பழகும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இதை மட்டும் யாரும் நம்பிவிட வேண்டாம். இசையமைப்பாளர் ஷூமானுக்கு இளம் வயதிலேயே வலது கை விரல் கெட்டு, பியானோ கலைஞராகும் கனவையே கைவிட நேர்ந்தது. மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி வந்தால் வாசிப்பதை நிறுத்துங்கள். அடுத்த வகுப்பில் முதல் வேலையாக ஆசிரியரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் ஸ்டூலின் உயரம் தவறாக இருக்கும், அல்லது தோள் தூக்கிக்கொண்டிருக்கும்.

"பியானோ கற்றால் கணக்கு நன்றாக வரும்"

இந்தப் பேச்சின் வேர் 1993-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு சிறு ஆய்வு. கல்லூரி மாணவர்கள் 36 பேர் பத்து நிமிடம் மோட்சார்ட்டின் இசையைக் கேட்ட பிறகு, வடிவங்களை மனதில் மடித்துப் பார்க்கும் ஒரு சோதனையில் கொஞ்சம் கூடுதலாக மதிப்பெண் பெற்றார்கள். கால் மணி நேரத்தில் அந்தப் பலனும் கரைந்துவிட்டது. அதில் குழந்தைகளும் இல்லை, பியானோ கற்றவர்கள் என்ற பேச்சும் இல்லை. கணக்கு வர வேண்டுமானால் கணக்குப் போடட்டும். பியானோ கற்றால் பியானோ வரும். அதுவே பெரிய விஷயம்.

"முதலில் ஒரு சின்ன கீபோர்டு போதும்"

பியானோவை உருவாக்கியவர் பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி. 1700-ஐ ஒட்டிய வருடங்களில், ஃபுளோரன்ஸில். அதற்கு முன்பிருந்த ஹார்ப்சிகார்டு கம்பியைச் சுண்டும்; எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் ஏறக்குறைய ஒரே அளவுதான். கிறிஸ்டோஃபோரி கம்பியைத் தட்டும் சுத்தியல்களை உள்ளே வைத்தார். மெல்லத் தொட்டால் மெல்லிய ஒலி, அழுத்தித் தட்டினால் உரத்த ஒலி. அந்தக் கருவிக்குப் பெயரே மென்மை, உரம் என்ற இரண்டு இத்தாலியச் சொற்களால் அமைந்தது.

தொடுகைக்கேற்ப ஒலி மாறாத 61 கட்டை கீபோர்டில் பழகும் பிள்ளைக்குக் கிடைக்காமல் போவது இதுதான். ஒரு வருடம் அதில் பழகிவிட்டு என் பியானோ முன் உட்கார்ந்தால், கட்டை இறங்கவே மாட்டேன் என்கிறது என்று அழுகிறார்கள். அதற்காக மரத்தாலான பெரிய பியானோதான் வாங்க வேண்டும் என்பதும் தவறு. 88 கட்டை, எடையுள்ள கட்டைகள், ஒரு பெடல். இவை உள்ள டிஜிட்டல் பியானோ பல வருடங்களுக்குப் போதும். மரப் பியானோவுக்குள் ஏறத்தாழ 230 கம்பிகள், எல்லாம் சேர்ந்து சுமார் 20 டன் இழுவிசையில் நிற்கின்றன. சென்னையின் ஈரக் காற்றில் மரம் உப்புவதும் சுருங்குவதுமாக இருக்கும், சுருதி நகர்ந்துகொண்டே போகும். வருடத்துக்கு இரண்டு முறை ட்யூனர் வர வேண்டும். சொந்தக்காரர் வீட்டுப் பழைய பியானோ சும்மா கிடைக்கிறது என்று லாரி பிடிப்பதற்கு முன், ஒரு ட்யூனரை அழைத்துப்போய்க் காட்டுங்கள். கம்பி சுற்றிய ஆணிகள் தளர்ந்திருந்தால் அது அலங்காரப் பொருள் மட்டுமே.

"எட்டாவது கிரேடு முடித்தால் எல்லாம் முடிந்தது"

என்னை மிகவும் வருத்துவது இந்த நம்பிக்கைதான். லண்டனின் டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் அமைப்புகள் கிரேடு கிரேடாக நடத்தும் இசைத் தேர்வுகள் நல்ல தேர்வுகள். 1842-இல் தொடங்கி இன்றும் அண்ணா சாலையில் இருக்கும் மியூஸி மியூசிகல் என்ற இசைக்கருவிக் கடை வழியாக டிரினிட்டி தேர்வுகள் சென்னைக்கு வந்து நூறு வருடத்துக்கு மேலாகிறது. எத்தனையோ குடும்பங்களுக்கு மேற்கத்திய இசையின் கதவைத் திறந்தவை அந்தத் தேர்வுகள்தான். குறை தேர்வில் இல்லை, நாம் அதைப் பிடித்துக்கொண்ட விதத்தில் இருக்கிறது.

பள்ளிப் பரீட்சையைப் போல வருடத்துக்கு ஒரு கிரேடு என்று யாரும் விதிக்கவில்லை. வரிசையாக ஒவ்வொரு கிரேடையும் எழுத வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வயது வரம்பு கிடையாது. ஆனால் இங்கே ஒரு பிள்ளை ஜூனில் மூன்று துண்டுகளை எடுத்து அடுத்த வருடத் தேர்வு வரை அவற்றையே அரைத்துக்கொண்டிருக்கிறது. ஐந்து வருடம், பதினைந்து துண்டுகள், ஐந்து சான்றிதழ்கள். தம்பியின் பிறந்தநாளுக்கு ஒரு பாட்டு வாசி என்றால் நோட்டில்லாமல் முடியாது என்கிறது. ஆரம்ப வருடங்களில் நானும் அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். டிஸ்டிங்ஷன் வாங்கிய ஒரு மாணவி மறுநாளே பியானோவை மூடி அதன் மேல் துணி விரித்துவிட்டாள், பிறகு திறக்கவே இல்லை என்று அவள் அம்மா சொன்னபோதுதான் நான் மாறினேன். இப்போது என் மாணவர்கள் வருடத்துக்கு முப்பது சிறு துண்டுகளாவது வாசிக்கிறார்கள். அதில் சினிமாப் பாட்டும் உண்டு, கீர்த்தனையும் உண்டு. கமகத்தின் வழுக்கல் பியானோவில் வராது என்பது உண்மைதான். ஆனால் மேற்கத்திய மெட்டுகளில் அமைந்த நொட்டுஸ்வரங்கள் அழகாக வரும். தேர்வு எழுத விரும்புபவர்கள் தயாரானதும் எழுதுகிறார்கள்.

"யூடியூப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம்"

எந்தக் கட்டையை எப்போது அழுத்துவது என்று வீடியோ காட்டும். உங்கள் தோள் காதுவரை ஏறியிருப்பதை அது பார்க்காது. நாலாவது விரல் வர வேண்டிய இடத்தில் மூன்றாவது விரலை வைத்ததால்தான் அடுத்த அடியில் தடுக்குகிறீர்கள் என்று சொல்லாது. இளையராஜா மேற்கத்திய இசை பயின்றது தன்ராஜ் மாஸ்டரிடம் நேரில் உட்கார்ந்து. ஏ.ஆர். ரஹ்மானும் தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்றவர். வாசிப்பதை ஒருவர் பக்கத்திலிருந்து கேட்பதற்கு மாற்று இன்னும் வரவில்லை.

அதே சமயம், ஃபீஸ் கட்டிவிட்டால் ஆசிரியர் பார்த்துக்கொள்வார் என்பதும் தவறு. வாரத்தில் 168 மணி நேரம். அதில் என்னிடம் இருப்பது ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் நான் சொல்லித்தருவது, வீட்டில் எப்படிப் பயிற்சி செய்வது என்பதைத்தான். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவதைவிடத் தினமும் இருபது நிமிடம் மேல். தவறும் இரண்டு அடிகளை மட்டும் எடுத்து, ஒவ்வொரு கையாக, மெதுவாக வாசிக்க வேண்டும். ஷோபான்கூட நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றுதான் மாணவர்களிடம் சொன்னார்.

அந்த வங்கி மேலாளர் வியாழக்கிழமை காலையில் இப்போதும் வருகிறார். நீங்களும் ஓர் ஆசிரியரை அழைக்கும்போது வயதைச் சொல்லி மன்னிப்புக் கேட்காதீர்கள். எந்தப் பாட்டை வாசிக்க ஆசை என்று சொல்லுங்கள். வகுப்பை அங்கிருந்தே தொடங்கலாம்.