எரிபந்தம்: ஒரு வித்தி ஓரிரவில் செய்யும் வேலை

இரவு நல்ல பனி. காலையில் வரம்பில் நின்று பார்த்தால் பயிர் பச்சையாகவே நிற்கின்றது. ஐந்தாறு நாட்கள் கழிய இலைகளில் கண்வடிவமான புள்ளிகள் தோன்றுகின்றன. நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் கபிலம். பின்னர் கதிரின் கழுத்துக் கறுத்து நெல் பதராகின்றது. கண்ணூறு பட்டுவிட்டது என்று சொல்வோரை நான் குறைகூறுவதில்லை. புள்ளியும் கண்ணைப் போலத்தான் இருக்கின்றது. ஆனால் இது எரிபந்தம் என்னும் பங்கசு நோய். 1637 இல் சீனாவில் வெளிவந்த நூலொன்றிலேயே இந்நோய் பற்றிய விவரம் உண்டு.

இடம்பெயர்ந்து, பிறர் காணியைக் குத்தகைக்கு எடுத்து, கடனுக்குப் பசளை வாங்கிப் பயிர்செய்யும் குடும்பத்துக்கு ஒரு போகம் தவறினால் அடுத்த போகத்துக்கு விதைநெல்லும் இல்லை. ஆகவே இப்பங்கசு எந்த நேரத்தில் பலமுள்ளது, எந்த நேரத்தில் பலவீனமானது என்பதை அறிந்து வைத்திருக்க வேண்டும்.

காற்றில் வரும் வித்தி மூன்று கலங்களை மட்டுமே கொண்டது. பனியில் நனைந்த இலையில் விழுந்ததும் அதன் நுனியிலிருந்து பசை கசிந்து, வித்தி இலையில் ஒட்டிக்கொள்கின்றது. சிறிது நேரத்தில் ஒரு குழாய் முளைக்கின்றது. இக்குழாய் உடனே இலையைத் துளைப்பதில்லை. தன் கீழே இருப்பது கடினமானதா, மெழுகுத் தன்மை உள்ளதா என்று உணர்கின்றது. ஆம் என்றால் அதனுள்ளே சக்கர ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூறு பெருகுகின்றது. வீட்டுக்கு வீடு செய்தி போவது போல, ஒரு புரதம் அடுத்த புரதத்தைத் தட்டி எழுப்புகின்றது. அவற்றுள் ஒன்றின் பெயர் பி.எம்.கே. 1. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் அதற்குரிய பரம்பரை அலகை நீக்கிப் பார்த்து 1996 இல் முடிவை வெளியிட்டார்கள். பங்கசு ஆய்வுகூடத் தட்டில் வளர்ந்தது. நெல்லில் நோயை உண்டாக்க அதனால் முடியவில்லை. வளர்வது வேறு, தாக்குவது வேறு. தாக்குவதற்குத் தனியான கட்டளை வேண்டும்.

கட்டளை கிடைத்தபின் குழாயின் நுனி பருத்து, குவிந்த ஒரு கலமாகின்றது. அமுக்கக் கலம் என்று அதை அழைப்போம். வித்தி தன்னிடமிருந்த கொழுப்பையும் சேமிப்புணவையும் அதற்குள் அனுப்பிவிட்டுத் தான் செத்துப்போகின்றது. அந்தச் சேமிப்பிலிருந்து உண்டாகும் கிளிசரோல் தண்ணீரை உள்ளே இழுக்கின்றது. கிளிசரோல் வெளியே கசியாதபடி கலச்சுவரில் மெலனின் என்னும் கரிய படை பூசப்பட்டிருக்கும். உள்ளே ஏறும் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் 80 மடங்கு வரை செல்லும். கார்ச் சில்லின் காற்றமுக்கத்தைப் போல ஏறக்குறைய 40 மடங்கு. அந்த விசையோடு ஊசி போன்ற ஒரு முளை இலையைத் துளைத்து உள்ளே போகின்றது.

உள்ளே போனபின் சிறு புரதங்களைச் சுரந்து நெல்லின் பாதுகாப்பை மழுங்கச் செய்கின்றது. எதிர்ப்புள்ள நெல்லினம் இவற்றுள் ஒன்றை அடையாளங்கண்டு தடுக்கும். பங்கசு அந்தப் புரதத்தை மாற்றிக்கொண்டால் அல்லது விட்டுவிட்டால் எதிர்ப்பும் போய்விடும். நோய் வராத இனம் என்று தந்த நெல்லில் சில ஆண்டுகளின் பின் நோய் வருவதற்கு இதுவே காரணம். விதை தந்தவரை ஏசிப் பயனில்லை.

இனி மருந்துக்கு வருவோம். டிரைசைக்கிளசோல் வகை மருந்து பங்கசைக் கொல்வதில்லை. மெலனின் பூச்சைத் தடுக்கின்றது. அமுக்கம் ஏறாது, துளைக்க முடியாது. ஆகவே அது துளைக்கும் முன்னரே இலையில் இருக்க வேண்டும். கழுத்துக் கறுத்த பின் தெளிப்பது கடன் காசைத் தண்ணீரில் விடுவதாகும். கதிர் வெளிவரும் தறுவாயே கவனிக்க வேண்டிய காலம்; எந்த மருந்து, எவ்வளவு என்பதை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டே செய்யுங்கள்.

காசு செலவில்லாத வழிகளும் உள்ளன. யூரியா அதிகமானால் பயிர் மென்மையாகி அடர்ந்து வளரும், பனி காய நேரமெடுக்கும், வித்திக்கு வேண்டிய ஈரம் கிடைத்துவிடும். புள்ளி கண்டால் அடுத்த தடவை யூரியாவை நிறுத்தி வையுங்கள். வயல் காய்ந்தாலும் நோய் கூடும். தண்ணீர் கட்டக்கூடிய இடத்தில் கட்டுங்கள். நோய் கண்ட வயலில் விதைநெல் எடுக்க வேண்டாம். விதைப்புக்கு முன் விதையை ஆசீர்வதிக்கக் கொண்டுவருவோரிடம், எந்த வயலில் எடுத்தது என்று நான் முதலில் கேட்பது இதனால்தான்.

உமிச்சாம்பலில் சிலிக்கா உண்டு. நெல் அதை உறிஞ்சி இலையின் மேற்றோலில் படியவைக்கும். ஊசி இறங்குவது கடினமாகும். நிலம் பண்படுத்தும்போதே அதை இட வேண்டும். அரிசி ஆலைக்குப் போகும்போது ஒரு வெற்றுச் சாக்கையும் எடுத்துப் போய், உமி தரமுடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.