ஓப்பன்சிவியை மூல நிரலிலிருந்து கம்பைல் செய்து நிறுவுதல்

படங்களையும் காணொளிகளையும் கணினி ஆராய்வதற்கான திறந்த மூல லைப்ரரி ஓப்பன்சிவி. இன்டெல் நிறுவனத்தில் 1999இல் கேரி பிராட்ஸ்கி தொடங்கிய இந்தத் திட்டத்தின் 1.0 பதிப்பு 2006இலும், 4.0 பதிப்பு 2018 நவம்பரிலும் வெளிவந்தன. சி++ மொழியில் எழுதப்பட்டிருந்தாலும் இதைப் பைத்தானிலும் ஜாவாவிலும் பயன்படுத்தலாம். இதை மூல நிரலிலிருந்து கம்பைல் செய்யும்போது நேரத்தைத் தின்பது கம்பைல் வேலை. முடிவைத் தீர்மானிப்பது அதற்கு முன் வரும் அமைப்பு வேலை. கீழே உள்ளவை உபுண்டு கணினியை மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை.

எப்போது தேவை?

பைத்தான் மட்டும் போதும் என்பவர்கள் ‘பிப்’ மூலம் ஓரிரு நிமிடங்களில் ஓப்பன்சிவியை நிறுவிக்கொள்ளலாம். பெரும்பாலான வேலைகளுக்கு அது போதும். மூல நிரலைத் தொட வேண்டிய காரணங்கள் சிலவே. பிப் தரும் பொதியில் என்விடியா கிராபிக்ஸ் அட்டைக்கான கூடா ஆதரவு கிடையாது. லினக்ஸ் பொதியில் ஜிஸ்ட்ரீமரும் இல்லை. காப்புரிமைச் சிக்கல் காரணமாக ‘நான்ஃப்ரீ’ என்று ஒதுக்கப்பட்ட சர்ஃப் போன்ற அல்காரிதங்களும் அதில் வராது. சிறிய கருவி ஒன்றுக்காகத் தேவையற்ற மாட்யூல்களை நீக்கிவிட்டு லைப்ரரியைச் சுருக்க வேண்டுமென்றாலும் மூல நிரலே வழி.

சிஃப்ட் அல்காரிதம் வேண்டும் என்பதற்காகக் கம்பைல் செய்யச் சொல்லும் பழைய வழிகாட்டிகள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. அதன் காப்புரிமை 2020 மார்ச்சில் காலாவதியானது. 4.4 பதிப்பிலிருந்து சிஃப்ட் முதன்மைத் தொகுப்பிலேயே இருக்கிறது. அதற்காக மட்டும் யாரும் மெனக்கெட வேண்டியதில்லை.

முன்னேற்பாடு

சி++ கம்பைலர், சிமேக், கிட், பேக்கேஜ் கான்ஃபிக் ஆகிய நான்கும் அடிப்படைத் தேவைகள். அடுத்து, ஓப்பன்சிவி சார்ந்திருக்கும் பிற லைப்ரரிகள்: சாளரத்தில் படம் காட்ட ஜிடிகே, காணொளி படிக்க எஃப்எஃப்எம்பெக், பைத்தானில் பயன்படுத்த நம்பை. இங்கே பலரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். கணினியில் எஃப்எஃப்எம்பெக் ஏற்கெனவே ஓடுகிறதே, பிறகென்ன என்று விட்டுவிடுவார்கள். ஓடுவதற்கான கோப்புகள் வேறு, கம்பைல் செய்யத் தேவையான ஹெடர் கோப்புகள் வேறு. உபுண்டுவில் ஹெடர்கள் ‘தேவ்’ என்று முடியும் தனிப் பொதிகளில் வருகின்றன. அவற்றையும் நிறுவினால்தான் சிமேக் அந்த லைப்ரரியைக் கண்டுகொள்ளும்.

மூல நிரல் இரண்டு களஞ்சியங்களில் இருக்கிறது. ஒன்று முதன்மைத் தொகுப்பு. மற்றொன்று ‘கான்ட்ரிப்’ எனப்படும் கூடுதல் மாட்யூல்கள். இரண்டிலும் ஒரே பதிப்பு எண்ணுள்ள டேகை எடுக்க வேண்டும். ஒன்று 4.8 ஆகவும் மற்றொன்று 4.10 ஆகவும் இருந்தால் கம்பைல் பாதி வழியில், காரணம் விளங்காத பிழைகளோடு நின்றுபோகும். கூடா வேண்டுபவர்களுக்குக் கான்ட்ரிப் கட்டாயம். 4.0 பதிப்பிலிருந்து கூடா மாட்யூல்கள் அங்கே மாற்றப்பட்டுவிட்டதால், அது இல்லாமல் கூடாவை இயக்கினால் ‘கூடேவ்’ மாட்யூல் இல்லை என்று சிமேக் நிறுத்திவிடும்.

சிமேக் அறிக்கை

மூலக் கோப்புறைக்குள்ளேயே கம்பைல் செய்ய ஓப்பன்சிவி அனுமதிக்காது. ‘பில்ட்’ என்று தனிக் கோப்புறை ஒன்றை உருவாக்கி, அங்கிருந்தே சிமேக்கை இயக்க வேண்டும். கம்பைல் வகையை ‘ரிலீஸ்’ என்று குறிப்பிடுவது, கான்ட்ரிப் மாட்யூல்களின் பாதையைத் தருவது, நிறுவ வேண்டிய இடத்தைச் சொல்வது ஆகியவை அவசியமான தெரிவுகள். சோதனை நிரல்களையும் எடுத்துக்காட்டுகளையும் அணைத்துவிட்டால் நேரம் கணிசமாக மிச்சமாகும். சில மாட்யூல்களே போதுமென்றால் ‘பில்ட் லிஸ்ட்’ தெரிவில் அவற்றின் பெயர்களை மட்டும் தரலாம்.

சிமேக் ஓடும்போது இன்டெல்லின் ஐபிபி போன்ற சில கோப்புகளை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். அலுவலகத்திலோ கல்லூரியிலோ ப்ராக்ஸிக்குப் பின்னால் இருக்கும் கணினியில் இது தோற்றுப்போவது சகஜம். பில்ட் கோப்புறையில் இருக்கும் பதிவிறக்கப் பதிவுக் கோப்பைத் திறந்தால் எந்தக் கோப்பு வரவில்லை என்பது தெரிந்துவிடும்.

சிமேக் முடிந்ததும் திரையில் நீண்ட அறிக்கை ஒன்று வரும். அதைப் படிக்காமல் அடுத்த கட்டளையைத் தட்டுவதுதான் பின்னால் வரும் பெரும்பாலான தொல்லைகளுக்குக் காரணம். கட்டப்படும் மாட்யூல்கள், கிடைக்காதவை என்ற இரண்டு பட்டியல்களை முதலில் பார்க்க வேண்டும். ‘ஜியூஐ’ பகுதியில் ஜிடிகேவோ க்யூட்டியோ இல்லையென்றால் கம்பைல் சிக்கலின்றி முடியும், நிறுவலும் முடியும், ஆனால் முதல் படத்தைத் திரையில் காட்ட ‘ஐஎம்ஷோ’வை அழைத்தவுடன், இந்தச் செயல்பாடு உருவாக்கப்படவில்லை, ஜிடிகே ஆதரவோடு லைப்ரரியை மறுபடி கட்டுங்கள் என்ற பிழை வரும். பைத்தான் 3 பகுதியில் இன்டர்ப்ரெட்டர், லைப்ரரி, நம்பை, நிறுவும் பாதை ஆகியவை நிரம்பியிருக்க வேண்டும். நம்பை வரி காலியாக இருந்தால் பைத்தான் மாட்யூல் கட்டப்படாது. காணொளிப் பகுதியில் எஃப்எஃப்எம்பெக்கிற்கு நேராக ‘யெஸ்’ இருக்க வேண்டும்.

ஏதாவது விடுபட்டிருந்தால் உரிய பொதியை நிறுவி, பில்ட் கோப்புறையை முழுவதுமாக அழித்துவிட்டுச் சிமேக்கை மீண்டும் ஓட்டுவது நல்லது. முந்தைய முடிவுகளைச் சிமேக் தன் கேஷ் கோப்பில் வைத்திருப்பதால், அழிக்காமல் ஓட்டினால் பழைய விவரங்களே திரும்ப வரக்கூடும்.

கூடா பயன்படுத்துவோருக்கு இரண்டு குறிப்புகள். ஒவ்வொரு கூடா பதிப்பும் குறிப்பிட்ட ஜிசிசி பதிப்பு வரையில்தான் ஏற்கும்; அதைவிடப் புதிய கம்பைலர் இருந்தால் பிழை தரும். கிராபிக்ஸ் அட்டையின் கம்ப்யூட் கேபபிலிட்டி எண்ணையும் சிமேக்கிடம் சொல்லிவிட வேண்டும். ஜிடிஎக்ஸ் 1650க்கு 7.5, ஆர்டிஎக்ஸ் 3060க்கு 8.6, ஜெட்சன் நானோவுக்கு 5.3. சொல்லாவிட்டால் பல தலைமுறை அட்டைகளுக்கும் சேர்த்துக் கம்பைல் ஆகி நேரம் பல மடங்காகும்.

கம்பைல்

‘மேக்’ கட்டளையில் ‘ஜே’ என்ற தெரிவோடு தரும் எண், ஒரே நேரத்தில் எத்தனை கோப்புகள் கம்பைல் ஆக வேண்டும் என்பதைக் குறிக்கும். புராசசரின் கோர் எண்ணிக்கையை அப்படியே தருவது வழக்கம். ஆனால் ரேம் குறைவான கணினியில் இது ஆபத்து. சில கோப்புகளைக் கம்பைல் செய்ய ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜிகாபைட் அளவுக்கு நினைவகம் தேவைப்படலாம். நினைவகம் தீர்ந்ததும் லினக்ஸ் கம்பைலரை நிறுத்திவிடும். திரையில் ‘கில்ட்’ என்ற சொல்லோடு ஒரு பிழைச் செய்தி மட்டும் மிஞ்சும். நிரலில் பிழை தேட வேண்டாம். ஜே எண்ணைக் குறைத்து அல்லது ஸ்வாப் இடத்தைக் கூட்டி மேக்கை மறுபடி இயக்கினால், விட்ட இடத்திலிருந்து தொடரும். ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிகளில் இதற்கு மணிக்கணக்கில் ஆகும்.

நிறுவலும் சரிபார்ப்பும்

நிறுவும் கட்டளைக்குப் பிறகு ‘எல்டிகான்ஃபிக்’ கட்டளையையும் இயக்க வேண்டும். இல்லையென்றால், லைப்ரரி அதன் இடத்தில் இருந்தும், பகிர்வு லைப்ரரியை ஏற்ற முடியவில்லை என்று நிரல் புலம்பும். ஏற்கெனவே பிப் வழியாக ஓப்பன்சிவி நிறுவப்பட்டிருந்தால் அதை முதலில் நீக்கிவிட வேண்டும். இரண்டும் இருந்தால் பைத்தான் எதை எடுக்கும் என்பது தேடல் பாதையின் வரிசையைப் பொறுத்தது. கூடாவுடன் கட்டிய பிறகும் கூடா வேலை செய்யவில்லை என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணம்.

ஐயம் வந்தால் பைத்தானில் ‘கெட் பில்ட் இன்ஃபர்மேஷன்’ செயல்பாட்டை அழைத்துப் பார்க்கலாம். சிமேக் காட்டிய அதே அறிக்கையை, உண்மையில் ஏற்றப்பட்ட லைப்ரரியே தன் வாயால் சொல்லும்.

வேலை முடிந்ததும் பில்ட் கோப்புறையை உடனே அழித்துவிட வேண்டாம். நிறுவிய கோப்புகளின் பட்டியல் அதில்தான் இருக்கிறது. பின்னொரு நாள் ‘மேக் அன்இன்ஸ்டால்’ செய்து ஓப்பன்சிவியைச் சுத்தமாக நீக்க அந்தப் பட்டியல் வேண்டும்.