குராரே: அம்பு நஞ்சும் அறுவை மருந்தும்

தீயதெனக் கருதப்படும் பொருளும் தக்கார் கையில் நன்மை பயப்பதுண்டு. அளவும் முறையும் தவறின் அந்நன்மையே கேடாவதும் உண்டு. இவ்விரண்டிற்கும் இரண சிகிச்சையிற் பயன்படும் தசை தளர்த்தும் மருந்துகள் சான்றாவன. அவற்றின் வரலாற்றையும், தொழிற்படும் முறையையும், அவற்றால் நேரத்தக்க இடரையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

தென் அமெரிக்காவின் அமேஸான், ஒரினோக்கோ ஆற்றுப் பகுதிகளில் வாழ்ந்த மக்கள், சில கொடிகளின் பட்டையைக் காய்ச்சி எடுத்த குழம்பை அம்புமுனையிற் பூசி வேட்டையாடினர். குராரே என்னும் அந்நஞ்சு குருதியிற் கலந்தால் விலங்கு அசைவற்று வீழ்ந்து மூச்சடங்கி இறக்கும். ஆயினும் அதன் ஊனை உண்டார்க்குத் தீங்கில்லை. குடல் அந்நஞ்சை எளிதில் ஏற்காமையே காரணம்.

1814-ஆம் ஆண்டில் சார்லஸ் வாட்டர்ட்டன் முதலியோர் லண்டனில் ஒரு கழுதைக்கு இந்நஞ்சைச் செலுத்தினர். அஃது இறந்ததுபோல் வீழ்ந்தது. மூச்சுக்குழலைத் திறந்து துருத்தியாற் காற்றூதிவர, நஞ்சின் வேகம் தணிந்ததும் எழுந்து நின்றது. பின்னர்ப் பல ஆண்டுகள் வாழ்ந்தது. குராரே மூச்சுத் தசைகளை முடக்கியே உயிரைப் போக்குகிறது என்பது இதனாற் புலனாயிற்று.

பின்னர்ப் பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார்டு தவளைகளைக் கொண்டு ஆராய்ந்தார். நஞ்சூட்டிய தவளையின் நரம்பைத் தூண்டினால் தசை சுருங்கவில்லை. தசையையே நேரிற் தூண்டச் சுருங்கிற்று. நரம்பை மட்டும் நஞ்சிற் தோய்த்தபோது அது தன் தொழிலை வழுவாது செய்தது. ஆகவே தடை ஏற்படுவது அவ்விரண்டும் கூடுமிடத்தில் என்பது பெறப்படும். நரம்பு முனையினின்று அஸெடில்கோலின் என்னும் பொருள் வெளிப்பட்டு, தசையின்மேல் அதற்கென அமைந்த இடங்களிற் பொருந்தும்போது தசை சுருங்குகிறது. குராரே அவ்விடங்களை முன்னரே பற்றிக்கொள்வதால் நரம்பின் ஏவல் தசையை எட்டுவதில்லை.

வயிற்றை அறுக்குங்கால் தசைகள் இறுகி நின்றால் வைத்தியர் கை உட்செல்லாது. முற்காலத்தில் அவற்றைத் தளர்த்த ஈதரை மிகுதியாகக் கொடுத்து நோயாளியை ஆழ்ந்த மயக்கத்தில் ஆழ்த்தினர். அதனால் மூச்சுக்கும் இருதயத்திற்கும் அபாயம் நேர்ந்தது. 1942-ஆம் ஆண்டு ஜனவரி 23-ல் கனடாவின் மான்ட்ரியால் நகரில் ஹாரல்ட் கிரிஃபித், ஈனிட் ஜான்ஸன் என்னும் வைத்தியர்கள் குடல்வால் அறுவையிற் குராரேயைப் பயன்படுத்தினர். அதன்பின் இலேசான மயக்கமே போதியதாயிற்று.

இக்காலத்து மருந்துகள் இருவகைப்படும். ஸக்ஸினில்கோலின் அஸெடில்கோலினைப் போலவே தசையை முதலில் துடிக்கச் செய்து பின் ஓயச் செய்வது. ஏறக்குறைய ஒரு நிமிடத்திற் பற்றிப் பத்து நிமிடத்திற்குள் பெரும்பாலும் நீங்கும். குருதியிலுள்ள ஒரு நொதி அதனைச் சிதைப்பதே காரணம். அந்நொதி பிறவியிலேயே குறைந்தவர்க்கு முடக்கம் மணிக்கணக்கில் நீடிக்கலாம். தென்னிந்திய வைசியரிடையே இக்குறை மிகுதியாகக் காணப்படுகிறது. ரோகுரோனியம், அட்ராகூரியம் முதலியன குராரேயின் வழியிற் செல்வன. அட்ராகூரியம் உடற்சூட்டிலேயே பெரிதும் தானே சிதைவதால் சிறுநீரகம், ஈரல் பழுதுற்றார்க்கும் ஏற்றது.

இனி, மறவாது உளங்கொள்ளற்பாலது ஒன்றுண்டு. இம்மருந்துகள் உணர்வை மாற்றுவன அல்ல. ஸ்காட் ஸ்மித் என்னும் அமெரிக்க வைத்தியர் தம் உடலிலேயே குராரேச் சத்தைச் செலுத்தச் செய்து இதனை நிறுவினார். அவ்வாய்வு 1947-ல் வெளியாயிற்று. விரலும் அசைக்கவியலாத நிலையிலும் அவர் நினைவு மாறவில்லை, வலியும் குறையவில்லை. மயக்கம் போதாதவிடத்து நோயாளி யாவற்றையும் உணர்ந்தும் கண் திறக்கவோ குரல் எழுப்பவோ இயலாதிருப்பார். இதனினும் கொடிய நிலை யாது?

ஆதலின் மயக்கமளிக்கும் வைத்தியர் நோயாளிக்குத் தாமே மூச்சளித்து, மயக்கத்தின் அளவையும் இடைவிடாது கவனிப்பர். மணிக்கட்டு நரம்பை மின்சாரத்தால் நான்குமுறை தூண்டி, நான்காவது அசைவு முதலாவதில் பத்தில் ஒன்பது பங்கேனும் ஆகும்வரை மூச்சுக்குழாயை எடுக்கலாகாது. எஞ்சிய முடக்கத்தை நியோஸ்டிக்மினால் மாற்றலாம்; ரோகுரோனியத்தைச் சூழ்ந்து கவரும் சுகமாடெக்ஸ் என்பதும் 2008 முதல் ஐரோப்பாவிற் கிடைக்கிறது.

மருத்துவம் பயிலும் நம் மாணவர், அசையாது கிடப்பவர் அமைதியாயிருக்கிறார் என்று ஒருபோதும் துணியாதிருப்பாராக. பேச வியலாதார் பொருட்டு விழித்திருப்பதே அவர் கடன்.