டம்மி டக் செய்யப் போகிறாயா தங்கச்சி? முதலில் லீவைக் கணக்குப் போடு

பிள்ளைகள் பெற்ற வயிறு, கஷ்டப்பட்டு இளைத்த பிறகும் மடிந்து தொங்கும் தோல், நடுவில் பிரிந்துபோன வயிற்றுத் தசை. இதையெல்லாம் சரிசெய்ய வேண்டும் என்று நினைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பத்து பெரெண்டாம் ஃபேக்டரியில் நிற்கிறவளுக்கும் அந்த ஆசை வரும், ஜாசின் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் பழம் பொறுக்குகிறவளுக்கும் வரும். காசு உன்னுடையது, உடம்பும் உன்னுடையது. என் கவலை வேறு. எங்கே செய்யலாம், எவ்வளவு ஆகும் என்று மாதக்கணக்கில் விசாரிக்கிற நம் பெண்கள், அதற்குப் பிறகு வரும் ஆறு வாரத்தில் வீட்டை யார் பார்ப்பது, வேலைக்கு எப்போது போவது என்பதை ஆபரேஷன் முடிந்து படுக்கையில் கிடக்கும்போதுதான் யோசிக்கிறார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அந்த ஆறு வாரம் ஏன் என்பது புரியும். டம்மி டக்கில் அடிவயிற்றை ஓர் இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை கீறி, தோலை விலா வரை பிரித்துத் தூக்கி, விலகிய தசைகளை நடுவில் சேர்த்துத் தைக்கிறார்கள். மிச்சத் தோலை வெட்டிவிட்டு இழுத்து மூடுகிறார்கள். வெளியே தெரியும் கோடு இரண்டு மூன்று வாரத்தில் ஆறியது போல இருக்கும். உள்ளே தசையில் போட்ட தையல் பலம் பிடிக்க அதற்கு மேலும் பல வாரம் ஆகும். அதற்குள் தண்ணீர் வாளியையோ பிள்ளையையோ தூக்கினால் அந்தத் தையல்தான் பிரியும். கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்ஷன் மட்டும் என்றால் சின்னத் துளைகள்தான். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஒரு வாரத்தில் பலர் திரும்பிவிடுகிறார்கள். டம்மி டக்குக்கு ஆபீஸ் வேலையென்றால் இரண்டு மூன்று வாரம், நின்று, குனிந்து, தூக்கிச் செய்யும் வேலையென்றால் ஆறு முதல் எட்டு வாரம். உனக்கு எவ்வளவு என்பதை உன் சர்ஜன்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவரிடம் “நான் ஃபேக்டரியில் வேலை” என்று மட்டும் சொல்லாதே. எத்தனை மணி நேரம் நிற்கிறாய், எத்தனை கிலோ தூக்குகிறாய், நைட் ஷிப்ட் உண்டா, வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகிறாயா, எல்லாவற்றையும் சொல்.

இப்போது லீவு. 1955ஆம் ஆண்டு வேலை வாய்ப்புச் சட்டப்படி, சேர்ந்து 2 வருடம் ஆகாதவர்களுக்கு வருடத்துக்கு 14 நாள் எம்.சி., 2 முதல் 5 வருடத்துக்குள் 18 நாள், 5 வருடம் கடந்தால் 22 நாள். மருத்துவமனையில் சேர வேண்டிய நிலைக்கு 60 நாள் வரை உண்டு. 2023 ஜனவரி 1 முதல் அந்த 60 நாள் தனிக் கணக்கு. ஆனால் அழகுக்காகச் செய்துகொள்ளும் ஆபரேஷனுக்கு இதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். முன்பணம் கட்டுவதற்கு முன்பே எச்.ஆரில் கேள், பதிலை எழுத்தில் வாங்கு. எம்.சி. எடுத்தால் 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சொல்லாமல் வராதவள் கணக்கில் சேர்த்துவிடலாம். எம்.சி. செல்லாது என்றால் வருடாந்திர லீவையும் சம்பளமில்லாத லீவையும் சேர்த்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கும். மெடிக்கல் கார்டு இந்த ஆபரேஷனுக்குப் பொதுவாகக் காசு தராது, பின்னால் சிக்கல் வந்தாலும் பெரும்பாலும் தராது. இபிஎஃபில் 2024 மே மாதத்திலிருந்து மூன்றாவது கணக்கு வந்துவிட்டது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று பலரும் அதையே நம்புகிறார்கள். எடுப்பது உன் இஷ்டம். ஆனால் முழுவதையும் ஆபரேஷனுக்கே கொட்டிவிட்டால், சம்பளம் வராத மாதத்தில் வீட்டு வாடகைக்கு என்ன செய்வாய்?

யாரிடம் செய்கிறாய் என்பதில் நான் கண்டிப்பாகவே பேசுவேன். 2020 அக்டோபரில் கோலாலம்பூர் செராஸில், ஓர் அழகு நிலையத்தில் கைக் கொழுப்பை எடுக்கப் போன 23 வயதுப் பெண் இறந்துபோனாள். மலாக்காவிலும் மலிவு விலை சொல்லி வாட்ஸ்அப்பில் ஆள் பிடிக்கிறவர்கள் இருக்கலாம். உரிமம் இல்லாமல் மருத்துவ நிலையம் நடத்தினால் 1998ஆம் ஆண்டுத் தனியார் மருத்துவ வசதிகள் சட்டத்தில் 3 லட்சம் வெள்ளி வரை அபராதம், 6 வருடம் வரை சிறை. அந்தத் தண்டனையெல்லாம் போன உயிரைத் திருப்பித் தராது. சர்ஜன் பெயர் தேசிய நிபுணர் பதிவேட்டில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் இருக்கிறதா என்று நீயே போனில் தேடிப் பார். மருத்துவமனைக்கு உரிமம் இருக்கிறதா, மயக்கம் கொடுக்கிறவர் நிபுணரா என்று கேள். கேட்டால் கோபப்படுகிற இடத்தில் படுக்காதே.

இனிப்பு நீர் நம்மவர்களிடம் அதிகம். 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, இந்தியர்களிடம் அதையும் விட அதிகம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாத உடம்பில் புண் ஆறாது, சீழ் பிடிக்கும். முதலில் அதைச் சரிசெய். சிகரெட், வேப் இருந்தால் முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரம் நிறுத்த வேண்டும். நிக்கோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்கும், இழுத்துத் தைத்த தோலின் ஓரம் கறுத்துச் செத்துப்போகும். கணவர் வீட்டுக்குள் ஊதினால் அவரை வெளியே அனுப்பு. ஜாமு, பூண்டு மாத்திரை, கர்ப்பத்தடை மாத்திரை எது சாப்பிட்டாலும் மறைக்காமல் சர்ஜனிடம் சொல்.

வீட்டுக்கு வந்ததும் நேராக நிமிர்ந்து நடக்கப் பார்க்காதே. முதல் சில நாள் இடுப்பை வளைத்துத்தான் நடக்க வேண்டும். தலைமாட்டை உயர்த்தி, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படு. தரைப்பாய் வேண்டாம், எழுந்திருக்கும் வேகத்தில் வயிறு இழுக்கும். பழைய தோட்ட வீட்டில் குந்தும் கக்கூஸ்தான் என்றால் நாற்காலி கமோடு ஒன்று முன்பே வாங்கி வை. மலச்சிக்கல் வந்து முக்கினால் தையலுக்கு ஆகாது. பப்பாளி, கீரை, தண்ணீர் எல்லாம் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

உள்ளே சேரும் நீர் வடிய அடிவயிற்றிலிருந்து ரப்பர் குழாய் வைத்து, அதன் நுனியில் பிழிந்து மூடும் சின்ன பிளாஸ்டிக் குப்பி மாட்டி அனுப்புவார்கள். என் நாத்தனாருக்கு நான் பார்த்தபோது ஒரு 555 நோட்டுப் புத்தகத்தில்தான் எழுதினேன். காலை, இரவு, எத்தனை மில்லி, என்ன நிறம். ரத்தச் சிவப்பு மெல்ல வெளுத்து இளஞ்சிவப்பாகி, பிறகு வைக்கோல் மஞ்சளாகும். 24 மணி நேரத்தில் சுமார் 30 மில்லிக்குக் கீழே வந்த பிறகுதான் பொதுவாகக் குழாயை எடுப்பார்கள். அந்த நோட்டை டாக்டர் பக்கம் பக்கமாகப் பார்த்தார். குப்பியைக் காலி செய்ததும் நன்றாகப் பிழிந்து காற்றை வெளியேற்றிவிட்டு மூட வேண்டும், அப்போதுதான் அது நீரை உறிஞ்சும். சரோங்கில் சொருகாதே, நழுவினால் குழாயையே இழுத்துவிடும். ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குப் போட்டுவிடும் இறுக்கு உடையில் ஊக்கு குத்தி மாட்டு.

நம் வீடுகளில் இனி வருவது பெரியம்மாக்கள். பிள்ளைப்பேறு போலவே நினைத்துச் சூடாகத் தவிட்டு ஒத்தடம், மலாய்க்காரப் பாட்டி சொன்ன சூட்டுக்கல், மின்யாக் பானாஸ், வயிற்றைச் சுற்றிக் கட்டும் பெங்கோங் துணி என்று அன்போடு கொண்டு வருவார்கள். கும்பிட்டு மறுத்துவிடு. தொப்புளுக்குக் கீழே பல மாதம் உணர்ச்சி இருக்காது. சூடு வைத்தால் தோல் வெந்து கொப்பளிக்கும், உனக்குத் தெரியவே தெரியாது. பெங்கோங்கும் ஆஸ்பத்திரி கொடுத்த இறுக்கு உடையும் ஒன்றல்ல.

இதை மட்டும் சுவரில் எழுதி ஒட்டு: ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், 999. காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போனால் ஆளை எடுத்துவிடும். அதற்காகத்தான் முதல் நாளிலிருந்தே வீட்டுக்குள் மெல்ல நடக்கச் சொல்கிறார்கள். காய்ச்சல் 38ஐத் தொட்டால், காயம் நாறினால், ஒரு பக்கம் மட்டும் சட்டென்று உப்பினால் அன்றைக்கே சர்ஜனிடம் போ. ஊருக்கு “ஹெர்னியா ஆபரேஷன்” என்று சொல்லிக்கொள், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் வீட்டில் ஒருவருக்காவது உண்மை தெரிந்திருக்க வேண்டும். அவசரத்தில் டாக்டரிடம் சரியாகச் சொல்ல ஆள் வேண்டும்.

வேலைக்குத் திரும்பும்போது சர்ஜனிடம் லைட் டியூட்டி கடிதம் வாங்கு. எத்தனை கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, எந்தத் தேதி வரை என்று தெளிவாக இருக்கட்டும். வெறும் “ஓய்வு தேவை” என்ற கடிதத்தை சூப்பர்வைசர் மதிக்க மாட்டார். கிளீன்ரூமில் வேலை என்றால் இறுக்கு உடைக்கு மேல் அந்த முழு உடையையும் மாட்டிக் கழற்ற நேரமெடுக்கும், பிரேக் நேரத்தை முன்பே பேசி வை. ஓ.டி. வேண்டாம். தடிகா ஆசிரியை என்றால் பிள்ளைகள் ஓடிவந்து வயிற்றில் மோதுவார்கள், முதல் சில வாரம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தே கூப்பிடு. கார் ஓட்டுவது, வலி மாத்திரையின் மயக்கம் விட்டு, சட்டென்று பிரேக்கை அழுத்த முடிந்த பிறகுதான். பெல்ட்டுக்கு அடியில் சின்னத் தலையணை வைத்துக்கொள். தோட்டத்துச் செம்மண் ரோட்டில் மோட்டார் சைக்கிளை இன்னும் தள்ளிப் போடு. செங் சன்னாசிமலையில் மாசி மகத்துக்குப் பால்குடம் நேர்ந்திருந்தால் அதை முடித்துவிட்டு ஆபரேஷன் தேதி வை, அல்லது அடுத்த வருடம் எடு. சாமி கோபித்துக்கொள்ளாது.

தோட்டத்தில் மூட்டை தூக்கும் வேலை, ஆறு வாரத்துக்கு வேறு வேலை தர முடியாது என்று மேனேஜர் சொல்லிவிட்டாரா? வீட்டிலும் சமையலுக்கு ஆள் இல்லையா? அப்படியென்றால் தேதியைத் தள்ளிப் போடு தங்கச்சி. முன்பணம் கேட்டு எத்தனை போன் வந்தாலும் சரி, அந்த இரண்டும் சரியாகும் வரை கையெழுத்துப் போடாதே.