அறுவையின்றிப் பல்வரிசையையும் தாடையையும் சீர்ப்படுத்தல்

பற்கள் பிறழ்ந்திருப்பது முக அழகை மட்டும் பொறுத்த குறையன்று. எத்துப்பல் உள்ள குழந்தை விழும்போது முன்பல் எளிதில் உடைகிறது. நெருங்கி முளைத்த பற்களைத் துலக்குவது கடினம். இக்குறைகளுட் பலவற்றை வளரும் பருவத்திலேயே கண்டுகொண்டால் அறுவைச் சிகிச்சை இன்றித் திருத்தலாம். பருவம் தவறினாலோ வழிகள் குறுகிவிடும்.

குறையின் வகைகள்

மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களைச் சிறிது மூடி, 2 அல்லது 3 மில்லிமீட்டர் முன்னால் நிற்பது இயல்பான கடியாகும். அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் 1899இல் பிறழ்கடியை மூன்றாக வகுத்தார். முதல் வகையில் கடைவாய்ப் பற்கள் சரியாகப் பொருந்தியிருக்கும். ஏனைய பற்களே பிறழ்ந்திருக்கும். இரண்டாவதில் கீழ்வரிசை பின்தங்கியிருக்கும். மூன்றாவதில் அது முன்தள்ளியிருக்கும்.

பல் நகர்வது எவ்வாறு?

பல்லின் வேர் எலும்புடன் நேரே ஒட்டியிருப்பதில்லை. இடையில் மெல்லிய நார்ச்சவ்வு உண்டு. பல்லை இலேசாக, இடைவிடாது அழுத்தினால், அழுத்தம் படும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. எதிர்ப்பக்கத்தில் புதிய எலும்பு படிகிறது. சுவீடனைச் சேர்ந்த கார்ல் சாண்ட்ஸ்டெட் நாய்களிடம் செய்த சோதனைகளால் இதனை 1904இல் விளக்கினார். பல் மாதத்திற்குச் சுமார் 1 மில்லிமீட்டர் நகரும். விரைவை விரும்பி வலிந்து அழுத்தினால் வேருக்கே கேடு விளையும்.

கருவிகளும் பருவமும்

மேல்தாடை குறுகியிருப்பின், அண்ணத்தில் திருகு பொருந்திய கருவியை மருத்துவர் பொருத்துவார். பெற்றோர் அவர் கூறியவாறு சாவியால் அதனைத் திருப்புவர். பெரும்பாலும் ஒரு திருப்பிற்குக் கால் மில்லிமீட்டர் விரியும். அண்ணத்தின் நடுப்பொருத்து இறுகுமுன் இது செய்யப்பட வேண்டும்.

மேல்தாடை பின்தங்கியிருப்பின், முகத்தில் அணியும் கருவியினால் அதனை முன்னோக்கி இழுப்பர். இதற்கு 10 வயதிற்கு முற்பட்ட காலமே ஏற்றது. கீழ்தாடை பின்தங்கியிருப்பின், ஸ்காட்லாந்தின் வில்லியம் கிளார்க் 1977இல் அமைத்த இரட்டைக் கட்டைக் கருவி போன்றவை உதவும். வாயை மூடும்போதெல்லாம் அதன் சரிவான கட்டைகள் கீழ்தாடையை முன்னே வழிநடத்துகின்றன. பூப்புப் பருவ வளர்ச்சி விரையும் காலம் இதற்கு உகந்தது. இதில் தாடை சிறிதளவே கூடுதலாக வளர்கிறது. திருத்தத்தின் பெரும்பகுதி பற்களின் நகர்வால் நிகழ்கிறது.

பல்வரிசையைச் சீராக்கக் கம்பி கட்டும் முறை வயது வந்தோர்க்கும் பயன்படும். எனினும் வளர்ச்சி முடிந்தபின் தாடையின் பெருங்குறையை அறுவையின்றி நீக்குதல் அரிது. சிகிச்சைக்குப்பின் பற்கள் பழைய இடத்திற்குத் திரும்ப முயலும். ஆதலால் அவற்றை நிலைநிறுத்தும் கருவியை நெடுநாள் அணிதல் வேண்டும்.

ஆசிரியரும் ஊழியரும் செய்யத்தக்கவை

குழந்தையை வெளிச்சத்தில் நிறுத்தி, எச்சிலை விழுங்கிக் கடைவாய்ப் பற்களைச் சேர்த்துக் கடிக்கச் சொல்லுக. பின்வருவனவற்றை நோக்குக:

1. மேல் முன்பற்கள் மிக முன்னே நிற்கின்றனவா?
2. கீழ் முன்பற்கள் மேற்பற்களுக்கு முன்னே நிற்கின்றனவா?
3. முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி உள்ளதா?
4. கடிக்கும்போது கீழ்தாடை ஒரு பக்கம் ஒதுங்குகிறதா?
5. குழந்தை எப்பொழுதும் வாயால் மூச்சுவிடுகிறதா?

இவற்றுள் ஒன்று காணப்படினும், 7 வயதளவிலேயே பல் மருத்துவரிடம் அனுப்புக. 2013இல் தொடங்கப்பட்ட ராஷ்டிரிய பால் சுவாஸ்திய காரியக்கிரமத்தின் மருத்துவக் குழு பள்ளிக்கு வரும்போதும் அக்குழந்தையைச் சுட்டிக்காட்டலாம்.

4 வயதிற்கு மேலும் விரல் சூப்பும் குழந்தையை அடித்துத் திருத்த முயலாது, அன்பாக மறக்கச் செய்க. "பால்பல் எப்படியும் விழுவதுதானே" என்று சொத்தையைப் புறக்கணித்தலும் தவறு. பால் கடைவாய்ப்பல் முன்னதாக விழுந்தால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, நிலைப்பல்லின் இடத்தை அடைத்துவிடும். முன்பற்களை நெருக்குவதற்காகத் தாமாகவே ரப்பர் வளையம் மாட்டுவது பேராபத்து. வளையம் ஈறினுள் வழுகி, வேரைச் சுற்றியுள்ள எலும்பை அழித்துப் பல்லையே இழக்கச் செய்யும்.

"கல்யாண வயதில் பார்த்துக்கொள்ளலாம்" என்பது பெற்றோர் பலர் கூறும் விடை. அவ்வயதில் பற்களை நகர்த்தலாம். வளர்ந்து முடிந்த தாடையை வளர்ச்சியின் துணையால் திருத்த இயலாது. இதனை உரிய காலத்தில் அவர்க்கு எடுத்துரைப்பது, குழந்தையை நாள்தோறும் காணும் ஆசிரியராலும் ஊழியராலுமே கூடும்.