பாய்மரப் படகின் சாளரங்களில் நீர்க்கசிவும் அதனைத் தடுக்கும் முறையும்

சிறு பாய்மரப் படகுகளில் மேல்தளத்திற்கு மேல் உயர்ந்து நிற்கும் அறையின் பக்கங்களில் சாளரங்கள் அமைந்திருக்கும். அறைக்கு வெளிச்சம் தருவது அவற்றின் முதற் பணி. அலை மோதும்போது நீரை உள்ளே விடாதிருப்பது அதனினும் முக்கியமான பணியாகும். 1960களிலும் 1970களிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கண்ணாடியிழையும் பிசினும் கொண்டு ஏராளமான படகுகள் கட்டப்பட்டன. அவற்றுள் பல இன்றும் ஓடுகின்றன. படகின் உடல் உறுதியாக இருந்தும், சாளர ஓரங்களில் நீர் கசிவது இவற்றில் பரவலாகக் காணப்படும் குறையாகும். வெளி ஓரத்தில் பசையை மீண்டும் மீண்டும் பூசினாலும் கசிவு நிற்பதில்லை. இதன் காரணத்தை அறிய, வெப்பத்தால் பொருள்கள் விரிவடைதல் என்னும் பள்ளிப் பாடமே போதுமானது.

கசிவின் காரணம்

இச்சாளரங்கள் பெரும்பாலும் அக்ரிலிக் பலகையால் ஆனவை. அது கண்ணாடியைவிட இலேசானது, எளிதில் நொறுங்காதது. ஆயினும் வெப்பத்தால் மிகுதியாக விரிவடையும். வெப்பநிலை ஒரு டிகிரி சென்டிகிரேடு உயரும்போது, அக்ரிலிக் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 70 பங்கு நீளும். கண்ணாடியிழைச் சுவர் சுமார் 25 பங்கே நீளும்.

60 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு சாளரத்தைக் கொள்வோம். இரவின் குளிருக்கும் பகலின் வெயிலுக்கும் 40 டிகிரி வேறுபாடு இருப்பின், பலகை ஏறத்தாழ 1.7 மில்லிமீட்டர் நீளும், சுவர் 0.6 மில்லிமீட்டர் நீளும். வேறுபாடு ஏறத்தாழ 1.1 மில்லிமீட்டர். இது இரு முனைகளுக்கும் பகிரப்படுவதால், ஒவ்வொரு முனையிலும் பலகை சுவரின்மீது சுமார் அரை மில்லிமீட்டர் நகர்கிறது. நிறமூட்டிய பலகை வெண்ணிறச் சுவரைவிட அதிகமாகச் சூடேறுமாதலால், உண்மையில் நகர்ச்சி இதனினும் மிகலாம்.

இடையிலுள்ள ரப்பர் போன்ற அடைப்புப் பசையே இந்நகர்ச்சியைத் தாங்க வேண்டும். பசையின் கனம் 3 மில்லிமீட்டராயின், அரை மில்லிமீட்டர் நகர்ச்சி அதன் கனத்தில் ஆறில் ஒரு பங்கே. பசை இலகுவாக வளைந்து கொடுக்கும். போல்ட்டுகளை இறுக்கிப் பசையை வெளியே பிதுக்கிவிட்டுக் கால் மில்லிமீட்டர் படலமே எஞ்சினால், அதே நகர்ச்சி கனத்தைப்போல் இரு மடங்காகிறது. பசை கிழியும் அல்லது ஒட்டு விடும். எனவே, இறுக்க இறுக்கக் கசிவு நிற்கும் என்னும் எண்ணம் தவறானது.

மறைவான சேதம்

இலேசாக இருக்கும்பொருட்டு, பல படகுகளில் அறைச் சுவர் இரு கண்ணாடியிழைத் தகடுகளுக்கிடையே பால்சா மரமோ ஒட்டுப்பலகையோ வைத்துச் செய்யப்படுகிறது. சாளரத்திற்காக வெட்டிய விளிம்பில் இம்மரம் வெளிப்படுகிறது. கசியும் நீர் மரத்தை அழுகச் செய்து, தகடுகளையும் பிரித்துவிடும். நனைந்த மெத்தை ஒரு சிறு தொல்லையே. சுவர் வலுவிழப்பதே பெருங்கேடு.

செய்முறை

பழைய பலகையைக் கழற்றி, அதனையே அளவாகக் கொண்டு புதியதை வெட்டலாம். பலகையின் தடிப்பைக் குறைத்தலாகாது. சிறு படகுகளின் சாளரங்களுக்கு ஐ.எஸ்.ஓ. 12216 என்னும் சர்வதேசத் தரம் உள்ளது.

சுவரிலிருந்து பழைய பசை முழுவதையும் சுரண்டி நீக்க வேண்டும். சிலிக்கோன் எச்சத்தின்மீது வேறு பசை பற்றாது. அழுகிய மரத்தைத் தோண்டியெடுத்து, விளிம்பை உலரவிட்டு, எப்பாக்சிப் பிசினால் நிரப்புக.

பலகையிலுள்ள துளைகள் போல்ட்டின் குறுக்களவைவிடச் சில மில்லிமீட்டர் பெரியனவாக இருத்தல் வேண்டும்; இன்றேல் பலகை நகர இடமின்றித் துளையோரத்தில் வெடிக்கும். கூம்பு வடிவத் தலையுள்ள திருகுகள் ஆப்புப்போல் பிளக்குமாதலால், தட்டைத் தலையும் அகன்ற வாஷரும் ஏற்றவை. அக்ரிலிக்கை மென்மையான சோப்பு நீரால் துடைக்கலாம். அசிட்டோன் பட்டால் நுண்வெடிப்புகள் தோன்றும்.

பசையைத் தேர்வதிலும் கவனம் தேவை. பாலிசல்பைடு வகைகள் அக்ரிலிக்கைக் கெடுக்கக்கூடும். நடுநிலைச் சிலிக்கோன் வெயிலைத் தாங்கி நெகிழ்வுடன் இருக்கும். பியூட்டைல் நாடா என்றும் மென்மையாகவே இருப்பினும், போல்ட்டுகளின் துணையின்றிப் பலகையைத் தாங்காது.

சிலிக்கோனைப் பயன்படுத்துங்கால், 3 மில்லிமீட்டர் கனமுள்ள சிறு ரப்பர்த் துண்டுகளைச் சுவரில் ஆங்காங்கே ஒட்டி, இடையில் பசையைத் தாராளமாக இட்டுப் பலகையைப் பொருத்துக. பலகை அத்துண்டுகளில் படிந்தவுடன் இறுக்குவதை நிறுத்த வேண்டும். பசை முற்றும் இறுகிய பின்னர், கீழ் விளிம்பில் தொடங்கி மேல்நோக்கிக் குழாய் நீரைப் பாய்ச்சிச் சோதிக்கலாம். மேலிருந்து தொடங்கினால், நீர் வழிந்து புகுமிடத்தை மறைத்துவிடும்.

வகுப்பில் காட்டத்தக்க சோதனை

இரண்டு ஜோடி மர அளவுகோல்களை எடுத்துக்கொள்க. ஒரு ஜோடிக்கு இடையே சைக்கிள் டியூப் ரப்பர் ஒரு படலமும், மற்றொன்றுக்கு இடையே அதே ரப்பர் ஆறு படலங்களும் வைத்து ஒட்டுக. ஒட்டு காய்ந்தபின் மேல் அளவுகோலை நீளவாட்டில் தள்ளினால், ஆறு படலமுள்ளது எளிதில் நகரும். ஒரு படலமுள்ளது எதிர்த்து நிற்கும், விசை மிகுந்தால் ஒட்டு பிரியும். வெவ்வேறு விதமாக விரியும் இரு பொருள்களை இணைக்குமிடத்தில், இணைப்பு நகர்வதற்கு இடம் தரவேண்டும் என்பதை மாணவர் இதனால் கண்ணாரக் காண்பர். பாலங்களின் தளத்தில் விரிவு இடைவெளி விடுவதும் இதே விதியைக் கருதியே ஆகும்.